ஆறு பல் கட்டிய கிடார்

என் அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், பல் செட் செய்கிறாள் என்பேன். கேட்டவர் உடனே வாயை மூடிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே லேபில், ஜன்னலோரத்து அதே மேசையில் உட்கார்ந்து, பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, முகமே பார்த்திராத ஆட்களுக்குப் பல் செய்கிறாள். ஆள் யாரென்று தெரியாதே தவிர, அவர் எந்தப் பக்கம் மெல்லுகிறார், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவரா என்பதெல்லாம் அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவாள். லேபில் அவளுக்கு 'அரம்' என்று பட்டப்பெயர். முடியளவு மேடு இருந்தாலும் ராவி எடுத்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் என்று அவள் முதலாளி சொல்வார். அவள் நாக்கால் வந்த பெயர் என்று நான் சொல்வேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

அரத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கிடார் வாசிப்பாள். தனியாகத்தான். முதல் ஒரு மணி நேரம் குடும்பங்கள் வரும் நேரம், மரக் கிடாரின் மெல்லிய சத்தம் போதும். அதற்கப்புறம் இளவட்டங்கள் வந்து உட்காருவார்கள், அவர்களுக்கு எலக்ட்ரிக் கிடார் உறும வேண்டும். ஆக, இரண்டு கிடார், இரண்டு பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், இத்தனையையும் தூக்க ஒரு கழுதை. அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் நான்தான் அந்தக் கழுதை. அத்தான் சரக்கு லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். இருக்கும் நாட்களில் அவருக்கு முதுகு வலிக்கும்.

தூக்குவது என் பிரச்சினை. அவள் பிரச்சினை வேறு. ஒரே பாட்டு மரக் கிடாராகத் தொடங்கி, நடுவில் கை நிற்காமல், எலக்ட்ரிக்காக முடிய வேண்டும் என்பது அவளுக்கு வருஷக்கணக்கான ஆசை. இரண்டு கிடாரை வைத்துக்கொண்டு தலைகீழாக நின்றாலும் அது நடக்காது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதற்குள் பாட்டு ஆறிப்போகும். இரண்டு குரலும் ஒன்றிலேயே இருக்கும் கிடார்கள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அப்படி ஒன்று பழையதாக விற்பனைக்கு வந்தபோது அவள் லீவு போட்டுவிட்டு என்னோடு ஓடினாள். மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்த அம்மாள் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கணவர் கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இடது பக்கம் அசைவே இல்லை. "இனிமே எழுந்து உக்காந்தாலே பெரிய விஷயம்னு சொல்லிட்டாங்க. இதைப் பாத்தா எனக்குத் தாங்கல. எடுத்துட்டுப் போயிடும்மா," என்றார். பெட்டியைத் திறந்து காட்டும்போதுகூட அவர் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க அது சாதாரண எலக்ட்ரிக் கிடார்தான். மெலிந்த உடம்பு, பழுத்த செர்ரி நிறம். ஆனால் அதற்கு இரண்டு ஜோடிக் காது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தங்கள் கம்பியின் அசைவைப் பிடித்து எலக்ட்ரிக் சத்தமாகக் கொடுக்கும். கம்பிகள் வந்து உட்காரும் இடத்தில் கம்பிக்கு ஒன்றாக ஆறு சின்னக் கட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பொட்டுப் படிகம். அது நடுக்கத்தைப் பிடித்து மரக் கிடார் சத்தமாகக் கொடுக்கும். ஒரு திருகு இரண்டையும் கலக்கும். படிகத்துக்கு மட்டும் ஒரு பேட்டரி வேண்டும். வயரைப் பிடுங்காமல் விட்டால் அது தானாகக் கரைந்துவிடும் என்பதை முதல் சனிக்கிழமையே ஓட்டலில், நாற்பது பேர் முன்னால், பாதிப் பாட்டில் கற்றுக்கொண்டோம். வயரைப் பிடுங்க மறந்தது நான்தான். அன்று வீடு வரைக்கும் அரம் என் காதருகிலேயே வேலை செய்தது.

கிடார் வந்துவிட்டது, ஆனால் கைக்கு அடங்கவில்லை. கப்பல்காரர் திடமான ஆள் போலிருக்கிறது. தடித்த கம்பி, அதுவும் உயரமாகக் கட்டி வைத்திருந்தார். அக்காவின் கையோ சின்னது. பகல் முழுக்க இடது கையில் பல் செட்டை இறுக்கிப் பிடித்து, வலது கையில் ராவும் மிஷினோடு இருப்பவள். சாயங்காலம் அவள் இடது விரல்கள் மரத்துப்போயிருக்கும். அந்த விரல்களால் அந்தக் கம்பிகளை அமுக்குவது பல்லைக் கடித்துக்கொண்டு செய்யும் வேலையாக இருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் மெலிந்த கம்பி மாட்டிவிட்டு விட்டிருப்பாள். இவள் மெலிந்த கம்பி மாட்டியதோடு நிற்காமல் கிடாரையே தன் பேஷண்ட் ஆக்கிக்கொண்டாள்.

கம்பியைத் தாழ்த்தினால் அது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் எனும் உலோகக் கீற்று எதிலாவது இடித்து இரையும். காந்தம் அதைக் கொஞ்சம் மன்னிக்கும், படிகம் மன்னிக்காது. லேசாக உரசினாலும் கூடம் முழுக்கக் காட்டிக்கொடுத்துவிடும். அக்கா லேபிலிருந்து நீலத் தாள் கொண்டுவந்தாள். பல் டாக்டர் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வாரே, அந்தத் தாள். மேடாக இருக்கும் இடத்தில் நீலம் ஒட்டும். அதைக் கழுத்தில் விரித்து, இரும்புப் பட்டையை வைத்து இழுத்து, நீலம் ஒட்டிய ஃப்ரெட்டை மட்டும் ஒரு மயிரிழை ராவுவாள். மறுபடி தாள், மறுபடி ராவல். மூன்று மாசம். நான் கேட்டேன், "ஏன்க்கா, இதுக்குத் துப்புறதுக்கு ஒரு கிண்ணமும் வெச்சிடலாமா?" அவள் அடுத்த தாளை எடுத்து விரித்தாள்.

அடுத்தது பல். அந்த ஆறு கட்டைகளுக்குப் பதிலாக, பல்லுக்கு மாட்டும் வெள்ளைப் பீங்கானில் ஆறு சின்னத் துண்டுகள் செய்தாள், பழையவற்றைவிடக் குட்டையாக. படிகத்தின் மேல் அவை துளி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கம்பி மட்டும் ஊமையாகிவிடும். முதல் செட்டில் மூன்றாவது கம்பி ஊமை. இரண்டாவது செட் உலையில் வெடித்தது. மூன்றாவதில் எல்லாம் சரி, ஆனால் சத்தம் தகரம் மாதிரி இருக்கிறது என்று அவளே குப்பையில் போட்டாள். நாலாவது செட் உட்கார்ந்தபோது வருஷம் ஒன்று ஓடியிருந்தது. கழுத்தின் உச்சியில் கம்பிகள் தாண்டிப்போகும் கட்டையையும் அதே பீங்கானில் செய்து தாழ்த்தினாள். தூரத்தில் இருந்த திருகுக்குப் பதிலாக, சுண்டுவிரலுக்கு எட்டும் இடத்தில் ஒரு துளை போட்டு, தட்டினால் குரல் மாறும் குட்டி சுவிட்சும் வைத்தாள்.

அன்றைக்குச் சனிக்கிழமை. ஒரு பாட்டை மரக் கிடாராகத் தொடங்கினாள். விரல்கள் கம்பியைத் தொடுவதாகத்தான் தெரிந்தது, அமுக்குவதாகத் தெரியவில்லை. நடுவில் சுண்டுவிரல் ஒருமுறை அசைந்தது. அதே வரி, அதே மூச்சு, குரல் மட்டும் மாறி உறுமியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இன்னொரு ஆள் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கும் வாசனை என்று சமாளித்தேன். அவள் என் அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, நான் பார்த்தவர்களிலேயே இப்படி ஒரு பொறுமைசாலி கிடையாது.

இங்கே ட்ரே விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். லேபில் ஒரு கேஸுக்கு ஒரு பிளாஸ்டிக் ட்ரே. அதில் ஒரு சீட்டு இருக்கும், பேஷண்ட் யார், டாக்டர் யார், என்ன வேலை என்று. வேலை முடிந்து அனுப்பியதும் சீட்டில் 'கொடுத்தாச்சு' என்று எழுதி, சுவரில் இருக்கும் ஆணியில் குத்திவிடுவார்கள். வீட்டுப் பின்னறையிலும் அக்காவுக்கு அதே பழக்கம், அதே ஆணி. கிடாரிலிருந்து கழற்றிய ஒரு திருகாணியைக்கூட அவள் தூக்கிப் போடவில்லை. எல்லாம் ஒரு ட்ரேயில், 'பழசு' என்ற சீட்டோடு. புதிதாகச் செய்தவற்றுக்கு இன்னொரு ட்ரே. அதன் சீட்டில், பேஷண்ட்: நான். டாக்டர்: அதுவும் நான். வேலை: ஆறு பல். பற்கள் கிடாரில் ஏறிய பிறகும் அந்தச் சீட்டு ஆணிக்குப் போகவில்லை. "இன்னும் முடியலடா, நாலாவது பல்லுல ஒரு சின்ன வேலை இருக்கு," என்பாள்.

மூன்றாவது மாடி அம்மாளின் ஃபோன் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கணவர் எழுந்துவிட்டாராம். தடி ஊன்றி நடக்கிறாராம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகக் கிடார் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். விற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வராமல், ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேலாக அதே பதில். "குடுத்த விலையைத் திருப்பித் தர்றேம்மா. முடியாதுன்னா ஒரே ஒரு தடவை அவர் கையில குடு. அதுவே போதும்," என்று அழுதார். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"விக்கும்போது விட்டுட்டு இப்ப வந்து அழுதா? முடியாதுன்னு சொல்லு," என்று கிசுகிசுத்தேன்.

அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா. ரிப்பேர்க்காரின்னே சொல்லுங்க. வாசிச்சுப் பாக்கட்டும். அவர் கையில அது பேசிச்சுன்னா அவருக்கு. பேசலேன்னா எனக்கு. சரியா?" என்றாள்.

ஃபோனை வைத்ததும் நான் கத்தினேன். அந்தக் கிடார் போனால் பழையபடி இரண்டு பெட்டி, மாற்றி மாற்றி மாட்டுவது, ஆறிப்போகும் பாட்டு. இன்னொன்று வாங்க அவளால் முடியாது என்பது அவளுக்கும் தெரியும். அவள் பின்னறைக்குப் போய் 'பழசு' ட்ரேயைக் கீழே இறக்கினாள்.

நாலு சாயங்காலம் உட்கார்ந்து கிடாரைப் பழையபடி ஆக்கினாள். பற்களைக் கழற்றித் தன் ட்ரேயில் வைத்தாள். பழைய கட்டைகள், பழைய உயரம், அதே தடிமனில் கம்பி. ராவிய ஃப்ரெட்டை மட்டும் திரும்ப வளர்க்க முடியாது. சுவிட்சைப் பிடுங்கித் திருகைத் திரும்ப வைத்தாள். சுவிட்சுக்காகப் போட்ட துளையை ஈறு செய்யும் பிளாஸ்டிக்கில் செர்ரி நிறம் கலந்து அடைத்தாள். பல்லுக்குப் பல் நிறம் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. எங்கே துளை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. "ஏன்க்கா இவ்வளவு மெனக்கெடுற?" என்றேன். "அவர் எப்படி விட்டாரோ அப்படியே குடுக்கிறதுதான் நியாயம்," என்றாள். நியாயம் அவள் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும், நான் மனசுக்குள் வேறு கணக்குப் போட்டேன். நல்ல கையாலேயே அமுக்க முடியாத கம்பி. வாதம் வந்த கை என்ன செய்யும்? எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கப்பல்காரர் வந்தார். உயரமான ஆள், வலது கையில் தடி, இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பேச்சு மட்டும் கொஞ்சமும் பாதிக்கப்படவில்லை என்பது வாசலிலேயே தெரிந்தது.

"நீதானா அந்த ரிப்பேர்? ஒரு வருஷமா என்னம்மா ரிப்பேர் பண்ற? ஒரு கப்பலையே பிரிச்சு மாட்டிடுவேன் நான் அதுக்குள்ள."

"தப்புதான் சார். வேலை கொஞ்சம் நின்னு போச்சு," என்றாள் அக்கா.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தன் காசில் வாங்கிய கிடாருக்குத் தன் வீட்டிலேயே நின்று திட்டு வாங்குகிறாள், அதுவும் அரம் என்று பேர் வாங்கியவள். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

கிடாரை மடியில் வைத்ததும் அவர் முகம் மாறியது. வலது கையால் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். பிறகு இடது கையை வலது கையால் தூக்கிக் கழுத்தின் மேல் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்தன. அதற்கே நெற்றி வியர்த்தது. கம்பியை அமுக்கினார். வலது கை மீட்டியது. டொக் என்று ஒரு சத்தம், மரத்தில் தட்டுவது போல. இன்னொரு தடவை. அதே டொக். ஐந்தாறு தடவைக்குப் பிறகு அவர் முயற்சியை விட்டுவிட்டார்.

"கிடார் நல்லாத்தான் இருக்கு. ரிப்பேர் எனக்குத்தான்," என்று சிரித்தார். மனைவியைப் பார்த்து, "இங்கேயே இருக்கட்டும். வாசிக்கிறவங்க யாருக்காவது குடுக்கச் சொல்லு," என்றார்.

முடிந்தது. அக்கா போட்ட நிபந்தனையே அவளுக்குச் சாதகமாக முடிந்தது. அவள் இனிமேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டால் போதும். நான் எழுந்து அவர் தடியைக்கூட எடுத்து நீட்டிவிட்டேன். அத்தனை மரியாதை எனக்கு எங்கிருந்து வந்ததோ.

அக்கா எழுந்திருக்கவில்லை. அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், லேபில் அச்சைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு, "சார், ஒரு வேலை பாக்கி இருக்கு. ஒரு மணி நேரம் உக்காருங்க," என்று கிடாரை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் அவள் கையைப் பிடிக்கலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாக டீ போட்டேன், இரண்டு தடவை. கப்பல்காரர் எங்கள் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் மெதுவாக ஓடுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது கிடாரில் ஆறு வெள்ளைப் பற்கள் இருந்தன. சுவிட்சு இல்லை, அது அவளுக்கு மட்டுமே ஆன வசதி. மெலிந்த கம்பி, தாழ்ந்த கம்பி. வயரை மாட்டி, படிகத்தின் பக்கம் திருகி, அவர் மடியில் வைத்தாள்.

"அமுக்காதீங்க சார். சும்மா தொடுங்க."

அவர் தொட்டார். வலது கை மீட்டியது. சத்தம் வந்தது. சுத்தமான, முழுசான, மரக் கிடாரின் சத்தம். அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். அடுத்த இடத்துக்கு விரல்கள் போய்ச் சேர நேரம் பிடித்தது, ஆனால் போய்ச் சேர்ந்தன. அங்கேயும் சத்தம் வந்தது. மூன்றே மூன்று இடங்கள், திரும்பத் திரும்ப, பழகிய ஏதோ பாட்டின் முதல் வரி. அந்த அம்மாள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். இந்தத் தடவை வெங்காயம் என்று சொல்லிச் சமாளிக்க எனக்கும் வழியில்லை.

வெகு நேரம் கழித்து அவர் குனிந்து அந்த வெள்ளைத் துண்டுகளைப் பார்த்தார். நகத்தால் ஒன்றைத் தட்டினார். ஃப்ரெட்டுகளின் மேல் விரலை ஓட்டினார். மெஷின் தெரிந்த மனிதர், வேலையின் அளவு அவருக்குப் புரியாமல் இருக்குமா.

"இதுக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சா?"

"ஆமா சார்."

"என் கைக்குன்னு செஞ்சியா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை, அவள் குதிகால் மட்டும் என் கால் விரல்மேல் ஏறி நின்றது.

"ஆமா சார். உங்க கைக்குத்தான்."

அவர் தலையை ஆட்டினார். "வாசல்ல திட்டிட்டேனே," என்றார் மெதுவாக.

"அதுக்கென்ன சார். பல்லு ஆடுச்சுன்னா கொண்டு வாங்க, கட்டித் தர்றேன். வாசிச்சு முடிச்சதும் மறக்காம வயரைப் பிடுங்கிடுங்க. இங்க ஒருத்தர் மறந்துட்டு எங்களை மானம் கெட வெச்சார்."

பெட்டியை நான்தான் கீழே ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் விலையை ஒரு உறையில் போட்டு என் சட்டைப் பைக்குள் திணித்தார். அக்காவின் கையில் கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மேலே வந்தபோது அவள் பின்னறையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "உன்னை மாதிரி ஒருத்தி இருக்க மாட்டாக்கா. அவரை ஏமாத்தக் கூடாதுன்னுதானே மொத்தத்தையும் பழசாக்கி வெச்ச," என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"இல்லடா. பழசாக் குடுத்தா அவரால முடியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் பழசாக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு நாள் நான் போட்ட அதே கணக்கை அவளும் போட்டிருக்கிறாள். நான் சந்தோஷமாகத் தூங்கியிருக்கிறேன், அவள் அதைச் சுமந்துகொண்டு திருகாணி முடுக்கியிருக்கிறாள்.

"அப்புறம் ஏன்?"

"அந்தக் கையைப் பாத்தேன். சாயங்காலம் என் கை எப்படி இருக்குமோ, அப்படியே இருந்துச்சு."

மேசையில் இரண்டு ட்ரேக்கள் இருந்தன. 'பழசு' ட்ரேயில் பழைய கட்டைகள் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தன. அடுத்த ட்ரேயில் அந்தச் சீட்டைத் தவிர ஒன்றும் இல்லை. பேஷண்ட்: நான். டாக்டர்: அதுவும் நான். வேலை: ஆறு பல். அக்கா மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அதன் அடியில் 'கொடுத்தாச்சு' என்று எழுதி, தேதி போட்டு, ஆணியில் குத்தினாள்.